நால்வரும் மறக்க முடியாது

சென்ற ஆண்டு கார்த்திகை மாதக் கடைசியில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. பச்சை, சிவப்பு, நீலம் என்று மூன்று வர்ண மையினால் கட்டம் கட்டமாக எழுதிய பெரிய காகிதம். காலை நாலரை மணிக்கு ஆரம்பித்து இரவு பத்தரை மணிக்கு முடிந்தது அது. பல் துலக்கப் பத்து நிமிஷம், பால் குடிக்க ஐந்து நிமிஷம் என்பது வரையில் ஒன்றும் விட்டுப் போகவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேரனின் அரையாண்டுப் பரீட்சைக்காக என் மருமகள் இரண்டு நாள் உட்கார்ந்து தயாரித்த அட்டவணை.

மருமகளைக் குறை சொல்வதற்கில்லை. வேலைக்குப் போகிறவள். அந்தக் காகிதத்தை எழுத அவள் செலவழித்தது தன் தூக்கத்தைத்தான். பிள்ளை நன்றாக வர வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் அதில் கிடையாது. ஆனாலும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்துப் பார்த்தபோது, அதில் ஏதோ ஒன்று குறைவதாக எனக்குப் பட்டது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. சாயங்காலம் பிடிபட்டது.

வாசலில் சைக்கிள் மணி ஒலித்தது. பேரனுடைய சிநேகிதன். கையில் கணக்கு நோட்டு. சைக்கிள் கூடையில் ஒரு பந்து.

"அவன் இருக்கானா, ஆன்ட்டி?"

"பரீட்சை முடியட்டும்ப்பா. அதுவரைக்கும் அவன் வெளியே வரமாட்டான். நீயும் வீட்டிலே உட்கார்ந்து படி, என்ன?"

அன்பாகத்தான் சொன்னாள். பையன் தலையை ஆட்டினான். நோட்டைப் பந்துக்குப் பக்கத்தில் கூடையில் வைத்தான். பிறகு சைக்கிளில் ஏறிக்கொள்ளாமல், அதைத் தள்ளிக்கொண்டே தெருவோடு போனான்.

அட்டவணையில் பதினெட்டு மணி நேரத்துக்குக் கட்டங்கள் இருந்தன. ஒரு கட்டத்திலாவது இன்னொரு பிள்ளை இல்லை. அதுதான் குறை.

அப்படித் தெருவோடு திரும்பிப் போகும் ஒரு பையனின் முதுகை நான் முன்னேயும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் வாசகர்களை நானூறு வருஷம் பின்னுக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பழைய யாத்திரைப் புத்தகங்களைப் புரட்டுவது எனக்குள்ள கெட்ட வழக்கங்களில் ஒன்று. கதை எழுதுவதற்கு விஷயம் தேடுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கதைக்குச் சம்பந்தமே இல்லாத பக்கங்களில் உலாவிக்கொண்டிருப்பேன். அப்படி உலாவியபோதுதான் நாலு பையன்களைச் சந்தித்தேன்.

அவர்களை நேரில் கண்டவர் பியேத்ரோ தெல்லா வாலே என்ற ரோமாபுரிக்காரர். 1614-ஆம் வருஷம் வெனிஸ் நகரத்தில் கப்பலேறிய மனிதர், துருக்கி, பாரசீகம், இந்தியா என்று சுற்றிவிட்டு 1626-ல்தான் ஊர் திரும்பினார். விசித்திரமான ஆள். பாக்தாதில் ஒரு பெண்ணை மணந்துகொண்டார். பாரசீகத்தில் அவள் இறந்துபோனாள். அந்நிய மண்ணில் அவளைப் புதைக்க மனம் இல்லாமல், உடலைப் பெட்டியில் வைத்துத் தம்மோடு இந்தியாவுக்குக் கொண்டுவந்து, கடைசியில் ரோமாபுரியில் தம் குடும்பத்துக் கல்லறையில் அடக்கம் செய்தார். நாவலில் இப்படி எழுதினால் ஆசிரியர் மிகைப்படுத்துகிறார் என்று நீங்கள் கடிதம் போடுவீர்கள்.

1623-ஆம் வருஷத்தின் பிற்பகுதியில் அவர் கோவாவிலிருந்து புறப்பட்ட ஒரு போர்ச்சுகீசியத் தூதரோடு சேர்ந்துகொண்டு, இக்கேரியில் ஆண்ட வேங்கடப்ப நாயக்கரின் ஊருக்குப் போனார். இன்றைய கர்நாடகத்தின் மலைநாடு அது. கடற்கரையிலிருந்து மலை ஏறியாயிற்று. மூட்டைகளைச் சரிசெய்து கட்டுவதற்கு நேரம் ஆகிறது. பொழுது போகாமல் ஒரு கோயிலின் முன்மண்டபத்தில் வந்து உட்கார்ந்தார். அங்கே நாலு சிறுவர்கள் கணக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

உபாத்தியாயர் இல்லை. காலையில் அவரிடம் நால்வரும் ஒரே பாடத்தைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். தரையெல்லாம் மெல்லிய மணல் பரப்பியிருக்கிறது. ஒரு பையன் பாடத்தின் ஒரு வரியை ராகம் போட்டு இழுத்துச் சொல்லிக்கொண்டே அதை விரலால் மணலில் எழுதுகிறான். அவன் எழுதி முடித்ததும் மற்ற மூன்று பேரும் அதே ராகத்தில் பாடி அதையே எழுதுகிறார்கள். பிறகு அடுத்த வரி. மணல் நிரம்பிவிட்டால் கையினால் அழித்துவிடுகிறார்கள். வேண்டுமானால் பக்கத்தில் இருக்கும் குவியலிலிருந்து புது மணலை எடுத்துத் தூவிக்கொள்கிறார்கள். காகிதச் செலவு இல்லை, எழுதுகோல் செலவு இல்லை. ராகம் போட்டுப் பாடினால் மனத்தில் ஆழமாகப் பதியும் என்பதையும் தெல்லா வாலே கவனித்து எழுதியிருக்கிறார்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். பெரியவர்கள் எல்லாருக்கும் தோன்றக்கூடிய கேள்விதான். "உபாத்தியாயர் இல்லையே, நீங்கள் எல்லாரும் மாணாக்கர்கள்தானே, பாடம் மறந்துவிட்டாலோ தப்பாகச் சொல்லிவிட்டாலோ யார் திருத்துவார்கள்?"

பையன்கள் சொன்ன பதிலின் கருத்து இது: நால்வரும் ஒரே இடத்தில் மறப்பது என்பது நடக்காது. ஒருவனுக்குத் தவறினால் மற்றவன் எடுத்துக் கொடுப்பான். அதற்காகத்தான் சேர்ந்து படிக்கிறோம்.

அவர்கள் சொன்னது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, மூட்டை கட்டி முடிந்ததும் அவர் இக்கேரிக்குப் போய்விட்டார். அந்தப் பையன்களின் பெயரை எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் நான் அவர்களை மறக்கவே மாட்டேன்.

அந்த மண்டபத்து மணல் சீமைக்குக் கப்பலேறிய கதையும் உண்டு. அதற்கு நாம் சென்னைப் பட்டணத்துக்கு, எழும்பூருக்கு வர வேண்டும். நூற்றறுபது வருஷங்களுக்கு மேல் கழிந்துவிட்டன. கும்பெனியார் ஆட்சி. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் இந்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்து, ஆதரவற்றுப்போன ஆண் குழந்தைகளுக்காக 1789-ல் எழும்பூரில் ஓர் அநாதை விடுதி திறந்தார்கள். அதன் மேற்பார்வையை ஏற்றுக்கொண்டவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். பணத்தில் கண்ணுள்ள மனிதர். ஒரே சமயத்தில் பல பட்டாளங்களுக்குப் பாதிரியாராக இருந்து பல சம்பளம் வாங்கியவர். ஆனால் இந்த விடுதி வேலைக்கு மட்டும் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மனிதர்களை ஒரே வரியில் முடித்துவிட முடியாது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

விடுதியில் இருந்த உபாத்தியாயர்களோடு அவருக்கு ஓயாத தகராறு. ஏனோதானோ என்று பாடம் நடத்துகிறவர்கள். பிள்ளைகள் மாதக்கணக்கில் அரிச்சுவடியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இந்த நிலைமையில் ஒரு நாள் காலை பெல் துரை குதிரைச் சவாரி போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு 'மலபார்' பள்ளிக்கூடம். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தமிழையும் 'மலபார்' என்றே சொன்னார்கள். ஆகவே நம் திண்ணைப் பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பார்த்தார். ஆர்க்கிமிடீஸ் தொட்டியிலிருந்து எழுந்து ஓடினாரே, அந்தக் கூச்சலை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார் என்று அவர் சரித்திரம் கூறுகிறது.

மறுபடியும் உபாத்தியாயர்தான் முட்டுக்கட்டை. மணலில் எழுதச் சொல்லிக் கொடு என்றார் பெல். முதலில் அந்த ஆசிரியர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு, முடியாது என்றார். பெல்லுக்குக் கோபம் வந்தது. விடுதியிலேயே படித்த ஜான் பிரிஸ்கன் என்ற பையனைக் கூப்பிட்டு, "நீ சொல்லிக் கொடு" என்றார். சாதாரணச் சிப்பாய் ஒருவரின் மகன் பிரிஸ்கன். வயது எட்டு. பெரியவர் முடியாது என்றதை அந்த எட்டு வயதுப் பையன் செய்து காட்டிவிட்டான். பிறகு கீழ் வகுப்புகள் ஒவ்வொன்றாகப் பிள்ளைகளின் கைக்கு வந்தன. வகுப்பிலே பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார் பெல். நன்றாகத் தெரிந்தவன் ஒருவன், பக்கத்தில் கொஞ்சம் பின்தங்கியவன் ஒருவன். முன்னவன் பின்னவனுக்குப் பொறுப்பு. குற்றங்களை ஒரு கறுப்புப் புத்தகத்தில் எழுதி வைத்து, பிள்ளைகளையே நடுவர்களாக உட்காரச் செய்து தீர்ப்புக் கேட்டார். அடி உதை பெரும்பாலும் தேவைப்படவில்லை என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

1796-ல் பெல் சீமைக்குத் திரும்பினார். மறு வருஷமே சென்னை விடுதியில் தாம் செய்த பரிசோதனையைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டார். 1798-ல் லண்டனில் ஒரு தர்மப் பள்ளிக்கூடம் அந்த முறையை மேற்கொண்டது. ஏறக்குறைய அதே சமயத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் லண்டனின் தென் பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி வைத்து, பிள்ளைகளைக் கொண்டே பாடம் நடத்த ஆரம்பித்தார். மணலில் எழுதுவதைத் தாம் பெல்லிடமிருந்து எடுத்துக்கொண்டதை அவரும் மறைக்கவில்லை. பிறகு யார் முதலில் கண்டுபிடித்தது என்று இரண்டு பேருக்கும் சண்டை. அரசாங்க மதத்தைச் சேர்ந்தவர்கள் பெல்லின் பக்கம். மற்றக் கிறிஸ்தவர்கள் லங்காஸ்டர் பக்கம். 1811-ல் பெல்லின் முறையைப் பரப்புவதற்கென்று தேசியச் சங்கம் ஒன்றே தோன்றியது. எழும்பூருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு தெருவில் மணலைக் கிளறிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு, தங்கள் பேரில் சீமையில் இப்படி வழக்கு நடப்பது தெரிய நியாயமில்லை.

ஆனால் என் மனத்தை உறுத்துவது சண்டை அல்ல, வேறொன்று. லங்காஸ்டர் ஓர் உபாத்தியாயரைக் கொண்டு ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் என்றார். சொல்லியும் காட்டினார். பெரிய கூடம். வரிசை வரிசையாகப் பெஞ்சுகள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சட்டாம்பிள்ளை. சட்டாம்பிள்ளைகளுக்கு மேல் ஒரு சட்டாம்பிள்ளை. உட்காரவும் எழுந்திருக்கவும் பலகையைத் தூக்கிக் காட்டவும் பட்டாளத்தைப் போல உத்தரவு. பிரம்படி கூடாது என்பது அவர் கொள்கை. அதற்குப் பதிலாகக் கழுத்தில் மரக்கட்டையை மாட்டினார். பெரிய குறும்பு செய்தவனைக் கூடையிலோ கூண்டிலோ உட்கார வைத்து, எல்லாரும் பார்த்துச் சிரிக்கும்படி உத்தரத்துக்குத் தூக்கிவிட்டார்.

மணல் அதேதான். பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக் கொடுக்கும் தந்திரமும் அதேதான். ஆனால் கோயில் மண்டபத்து நால்வர் எங்கே போனார்கள்? அங்கே ஒருவனுக்கு மறந்தால் மற்றவன் எடுத்துக் கொடுத்தான். இங்கே ஒருவனுக்கு மறந்தால் மற்றவன் அதை எழுதிக்கொண்டு போய் மேலே கொடுத்தான். சிநேகிதனை மேஸ்திரி ஆக்கிவிட்டார்கள். படிப்பு மலிவாகக் கிடைத்தது, வாஸ்தவம். ஏழைக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் எழுத்தறிந்ததும் வாஸ்தவம். தென் அமெரிக்காவில் பொலிவார் கூட லங்காஸ்டரை வரவழைத்துப் பள்ளி நடத்தச் சொன்னார். ஆனால் ஒன்றும் தெரியாத பிள்ளை, அரைகுறையாகத் தெரிந்த பிள்ளைக்கு அடங்கி ஒப்புவிக்கும் இயந்திரம் எத்தனை நாள் ஓடும்? 1846-ல் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்களை இங்கிலாந்து அரசாங்கமே ஏற்படுத்தியது. அதன் பிறகு இந்தப் பழைய முறை மெல்ல மறைந்தது. பெல் துரை அதைப் பார்க்க இருக்கவில்லை. 1832-ல் காலமாகி, லண்டனில் ராஜாக்களும் கவிஞர்களும் தூங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலேயே இடம் பெற்றுவிட்டார். அவர் விட்டுப்போன பணத்தில், அவர் பிறந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. 'மெட்ராஸ் காலேஜ்' என்று பெயர். இன்றும் இருக்கிறது. நாம் மெட்ராஸ் என்ற பெயரை மாற்றிவிட்டோம், அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு நம் திண்ணைப் பள்ளிக்கூடம் சொர்க்கலோகம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். என் தாத்தா திண்ணையில் படித்தவர். எண்சுவடியில் முந்திரி, காணி, மா என்று பின்னங்களை எண்பது வயதிலும் மூச்சு விடாமல் சொல்வார். மாலையில் வீட்டுக்குப் போகும்போது வாத்தியார் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ சொல்லி அனுப்புவாராம். இரவெல்லாம் அதை நினைவில் வைத்திருந்து மறுநாள் காலை திருப்பிச் சொல்ல வேண்டும். "என் பக்கத்து வீட்டுப் பையனுக்கு எப்போதும் மறந்துபோகும். ராத்திரி கொல்லை வேலி வழியாக வந்து, 'எனக்கு என்ன பூடா கொடுத்தார்?' என்று என்னைக் கேட்பான்" என்று தாத்தா சொல்லிச் சிரிப்பார். நவராத்திரி வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கோலாட்டக் கழியை எடுத்துக்கொண்டு வாத்தியாரோடு வீடு வீடாகப் பாட்டுப் பாடிப் போவார்கள். காசு வாத்தியாருக்கு, சுண்டல் பிள்ளைகளுக்கு.

அதே தாத்தாதான் கோதண்டத்தைப் பற்றியும் சொல்லுவார். உத்தரத்திலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பையன் அந்தரத்தில் ஊசலாட வேண்டும். கை தளர்ந்தால் கீழே பிரம்பு. சட்டாம்பிள்ளைக்கு வீட்டிலிருந்து முறுக்கு கொண்டுவந்து கொடுத்துத் தப்பிய கதையும் உண்டு. லங்காஸ்டரின் கூண்டைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது.

இந்தத் திண்ணைகளின் கணக்கைக் கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1822-ல் எடுக்கச் சொன்னார். சென்னை ராஜதானி முழுவதிலுமாக 12,498 பள்ளிகள், 1,88,650 மாணாக்கர்கள் என்று 1826-ல் தொகை போட்டார். ஜில்லா கலெக்டர்கள் அனுப்பிய பதில்களில் பல, எண்களை மட்டும் நிரப்பிய காகிதங்கள். பல்லாரி கலெக்டர் காம்ப்பெல் மட்டும் 1823 ஆகஸ்டில் ஒரு கதாசிரியரின் கண்ணோடு எழுதியிருக்கிறார். காலை ஆறு மணிக்குப் பள்ளி. முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் 'சரஸ்வதி' என்று எழுதுவார்கள். அது அவனுக்குக் கௌரவம். இரண்டாவதாக வருகிறவனுக்குப் பூஜ்யம். புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு மெதுவாக ஓர் அடி. நாலாவது ஆளுக்கு இரண்டு. இப்படியே ஏறிக்கொண்டு போகும். அதிகாலையில் எழுந்திருக்கும் வழக்கத்தை உண்டாக்க அவர்கள் கண்ட வழி. நாலரை மணிக் கட்டத்தைவிட உள்ளங்கைச் சரஸ்வதி அழகாகத்தான் இருக்கிறாள்; ஆனால் ஒருவனுக்குத்தான் சரஸ்வதி.

காம்ப்பெல் சொன்ன இன்னொரு விஷயத்தில்தான் எனக்கு அக்கறை. மேல் வகுப்புப் பிள்ளை கீழ் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறான். அப்படிச் சொல்லிக் கொடுப்பதனாலேயே அவனுடைய அறிவும் உறுதிப்படுகிறது. இது பாராட்டத்தக்க ஏற்பாடு, இங்கிலாந்தில் இதைப் பின்பற்றியது நியாயமே என்கிறார். அவர் ஜில்லாவில் 533 பள்ளிகள், 6,641 பிள்ளைகள். பள்ளிக்குப் பன்னிரண்டு பேர் வீதம் ஆகிறது. பன்னிரண்டு பேர் என்றால் ஒருவன் முகம் மற்றவனுக்குத் தெரியும். யாருக்கு எந்த இடத்தில் மறக்கும் என்பதும் தெரியும். ஆயிரம் பேருக்கு நடுவில் அது எப்படித் தெரியும்? அந்த 6,641-ல் பெண் குழந்தைகள் அறுபதே பேர். தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கி வைத்தவர்களின் குழந்தைகளுக்குத் திண்ணையில் பெரும்பாலும் இடமே இல்லை. சேர்ந்து படித்தார்கள் என்று நான் உருகும்போது, யார் யார் சேர்ந்தார்கள் என்று நீங்கள் கேட்டால் எனக்குப் பதில் கிடையாது.

காம்ப்பெல் கடைசியாக ஒரு துயரத்தையும் குறித்திருக்கிறார். நெசவு முதலிய தொழில்கள் சீமைத் துணியால் நசிந்து ஜனங்கள் ஏழையாகிவிட்டார்கள். குழந்தையின் கை கால் வேலைக்குத் தாங்கும் என்று தெரிந்தவுடன் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள் என்று. 1823-ல் பல்லாரியில் எழுதியது. 133 வருஷங்களுக்குப் பிறகு எங்கள் தெருக்கோடியில் நான் கண்டதும் அதுதான்.

1956-ல் நான் கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊரில் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கணக்கு வராது. பின்னத்தைக் கண்டாலே வயிற்றைக் கலக்கும். என் சிநேகிதன் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பாவு போடுகிற வீட்டில் பிறந்தவன். இழை எண்ணியே வளர்ந்தவன். கணக்கு அவனுக்கு விரல் நுனியில் இருந்தது. மாசி, பங்குனியில் அரசலாற்றில் தண்ணீர் வற்றி மணல் திட்டுத் திட்டாகத் தெரியும். பள்ளி விட்டதும் இரண்டு பேரும் அங்கே போய்விடுவோம். முதலில் சடுகுடு. மூச்சு வாங்கும் வரை ஆடிவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்து, அவன் விரலால் கணக்குப் போட்டுக் காட்டுவான். நான் தப்பாகப் போட்டால் வாயைத் திறக்க மாட்டான். உள்ளங்கையால் மணலைத் தடவி அழித்துவிட்டு, "போடு" என்பான். தெல்லா வாலேயின் புத்தகத்தை நான் படித்தது அதற்கு நாற்பது வருஷம் கழித்து. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வெகு நேரம் புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவனுக்குப் பாட புத்தகம் கிடையாது. வாங்க வழியில்லை. சரித்திரமும் பூகோளமும் நான் உரக்கப் படிப்பேன். அவன் காதால் கேட்டே மனத்தில் வாங்கிக்கொள்வான். எனக்குக் கணக்கு அவன்; அவனுக்குப் புத்தகம் நான்.

முழுப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, நான் ஆற்று மணலில் உருண்டுவிட்டு வருவதை யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அப்பா நல்லவர். பிள்ளை முன்னுக்கு வர வேண்டும் என்று கவலைப்பட்டவர். மச்சு அறையில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு கடிகாரம். பரீட்சை முடியும் வரை கீழே இறங்கக் கூடாது. மூன்றாம் நாள் சாயங்காலம் சிநேகிதன் வந்து திண்ணையோரம் நின்றான். அப்பா திட்டவில்லை. "பரீட்சை ஆகட்டும்ப்பா, அப்புறம் விளையாடலாம்" என்றார். விளையாட வரவில்லை, சரித்திரப் புத்தகத்தைக் கேட்க வந்தான் என்பது எனக்குத் தெரியும். மச்சு ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். "புத்தகத்தைக் கொண்டு போடா" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அப்பாவுக்குப் பயந்துகொண்டு சொல்லவில்லை. அவன் முதுகுதான் தெரு முனை வரை தெரிந்தது.

நான் தேறிவிட்டேன், கணக்கில் மட்டும் தட்டுத் தடுமாறி. அவன் கணக்கில் முதல். சரித்திரத்தில் தவறிவிட்டான். இன்னொரு வருஷம் படிக்க வைக்க அவன் வீட்டில் தெம்பு இல்லை. வைகாசியில் தறியில் உட்கார்ந்தான். என் கல்யாணத்துக்குக் கூறைப் புடவை அவன் கையால் நெய்ததுதான். கடைசி வரையில் நல்ல சிநேகிதம். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அவனும் பேசினதில்லை, நானும் பேசினதில்லை. கேட்டுவிட வேண்டும் என்று நான் துணிந்த சமயத்தில் அவன் போய்விட்டான்.

ஆகவே எங்கள் வீட்டு வாசலில் அந்தப் பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன அன்று இரவு, மருமகளிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அது அந்தக் காலம், மாமா. இவங்க ரெண்டு பேரும் சேர்ந்தா அரட்டைதான் அடிப்பாங்க" என்றாள்.

"அடிப்பான்கள். நாங்களும் அடித்தோம்" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையன் கையிலே நோட்டு இருந்துதா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன். எழுந்து போய் அட்டவணையில் ஐந்தரையிலிருந்து ஏழு வரை இருந்த கட்டங்களை அடித்துவிட்டு, பென்சிலால் ஏதோ எழுதினாள். மறுநாள் பார்த்தபோது அந்தப் பையனின் பெயர் இருந்தது. பென்சிலால்தான், வேண்டாமென்றால் அழித்துவிடலாம் அல்லவா?

மறுநாள் முதல் அவன் வந்தான். அரை மணி பந்து. எதிர் வீட்டு ஜன்னல் ஒரு தடவை தப்பியது. பிறகு ஊஞ்சலில் உட்கார்ந்து கணக்கு. நான் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கேட்டுக்கொண்டிருப்பேன். நாலாம் நாள் கூம்பின் வளைபரப்பில் வந்து நின்றார்கள். சாயுயரம் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது பேரனுக்கு மறந்துவிட்டது. சிநேகிதனைப் பார்த்தான். அவனுக்கும் அதே இடத்தில் மறந்துவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இக்கேரி வழியில் நாலு பையன்கள் அத்தனை உறுதியாகச் சொன்னார்களே! பிறகுதான் நினைவு வந்தது: அவர்கள் நாலு பேர், இவர்கள் இரண்டே பேர்.

"அடுத்த தெருவிலே இன்னொருத்தன் இருக்கான், தாத்தா. கேட்டுட்டு வந்துடறோம்" என்று இருவரும் ஒரே சைக்கிளில் புறப்பட்டார்கள். அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை. மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

ஏழே கால் மணிக்குத் திரும்பினார்கள். "அவனுக்குத் தெரிந்ததா?" என்று கேட்டேன்.

"அவனுக்கும் மறந்துபோச்சு, தாத்தா" என்றான் பேரன், மூச்சு வாங்க. "அவன் தங்கச்சிதான் சொன்னா. அவ எட்டாவதுதான் படிக்கிறா. அண்ணன் ராத்திரி சத்தம் போட்டுப் படிச்சப்போ காதிலே விழுந்துதாம்."